வளைந்து கொடுத்த வாத்தியங்கள்

நம் நாட்டுச் சங்கீதத்தை மேனாட்டு வாத்தியங்களோடும் மேனாட்டு முறைகளோடும் கலந்து வெளியிடப்படும் இசைத்தட்டுகளைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார், "இது சங்கீதமே அன்று, காப்பியில் மோரை ஊற்றுகிற காரியம்" என்பர். மற்றக் கட்சியார், "காலம் மாறுகிறது, இளைஞர்கள் விரும்புவதை நாமும் கேட்டுத்தான் ஆகவேண்டும்" என்பர். இரு கட்சியாரும் ஓர் இசைத்தட்டையேனும் முதலிலிருந்து கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார்களா என்பது என் நெடுநாளைய ஐயம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது மாலை நேரத்து வாதம். கலப்பு இசை பிடிக்காவிட்டால் அடுத்த தெருச் சபாவில் கச்சேரி கேட்கலாம். நம் நிலை அவ்வாறன்று. பம்பாயில் ஷண்முகானந்தா சபை இருக்கிறது. டில்லியிலும் கல்கத்தாவிலும் சபைகள் உண்டு. ஆனால் இட்டார்சியிலும் ஜான்சியிலும் கரக்பூரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை நேரில் உட்கார்ந்து கச்சேரி கேட்பது ஆண்டுக்கு ஒரு முறை வாய்த்தால் பெரிது. அக்குழந்தையின் காதில் கீரவாணியும் மோகனமும் முதன்முதலாக விழுவது பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான். அதுவும் கிதாரோடும் டிரம்ஸோடும் சேர்ந்துதான். ஆகவே இத்தகைய இசைத்தொகுப்புகளுள் எது ராகத்தினிடம் அழைத்துச் செல்கிறது, எது ராகத்தைப் போன்ற வேறொன்றைக் காட்டி ஏமாற்றி அனுப்பிவிடுகிறது என்று பிரித்தறிய வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது.

சிறிது இலக்கணம் பேசாமல் இதை விளக்க இயலாது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் அதற்கு ஓரிடம் உண்டு. பாடுகிறவரின் குரலிலோ அது அந்த இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவைத்தான் கமகம் என்கிறோம். பியானோவில் அதே ஸ்வரத்துக்குரிய கட்டையை அழுத்துங்கள். ஒலி நேராக நிற்கும். ஸ்வரம் என்னவோ சரிதான், தோடியைத்தான் காணோம்.

மேனாட்டுச் சங்கீதத்தின் செல்வம் வேறு வகையானது. பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்து, அந்தச் சேர்க்கையினால் உணர்ச்சியை எழுப்புவது அவர்கள் முறை. அவ்வாறு சேரவேண்டுமானால் ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில் அசையாமல் நிற்கவேண்டும். நம் முறை ஸ்வரத்தை அசையச் சொல்கிறது. அவர்கள் முறை நிற்கச் சொல்கிறது. கலப்பு இசையின் முதற் சங்கடம் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. கலப்பு இசைக்காரர்கள் மோகனத்தையும் ஹம்ஸத்வனியையும் கீரவாணியையும் சாருகேசியையும் அடிக்கடி நாடுவதும், சஹானா, பேகடை, ஆகிரி பக்கம் பெரும்பாலும் எட்டிப் பாராததும் இதனால்தான். முன்னவை ஸ்வரங்களை ஓரளவு நேராக வைத்தாலும் அடையாளம் தெரியும். பின்னவை கமகத்தை எடுத்துவிட்டால் உயிர் போய்விடும்.

இந்தச் சங்கடம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில், கும்பினியாரின் பாண்டு வாத்தியம் அவர்கள் செவியில் விழுந்தது. அண்ணனும் தம்பியும் அதை இரண்டு விதமாக எதிர்கொண்டார்கள். அண்ணன் முத்துஸ்வாமி தீக்ஷிதர் மேனாட்டு மெட்டுகளை எடுத்து அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று வழங்கும் அவை ஏறக்குறைய நாற்பது. ஆங்கில அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதரோ மெட்டை விட்டுவிட்டு வாத்தியத்தை எடுத்தார். ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதில் நம் சங்கீதத்தை வாசித்தார். தஞ்சை வடிவேலுவும் அதே வழியில் சென்று, 1834-இல் ஸ்வாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்றார்.

அண்ணன் சென்ற வழி இன்று குழந்தைகளுக்கான பாடமாக நிற்கிறது. தம்பி சென்ற வழியோ ஒவ்வொரு கச்சேரி மேடையிலும் நிற்கிறது. காரணம் யாதெனில், வயலின் வளைந்து கொடுத்தது. அதில் மெட்டுகள் இல்லை. விரல் எங்கு வேண்டுமானாலும் வழுக்கிச் செல்லலாம். தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று மாற்றிச் சேர்த்தார்கள். நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசித்த வாத்தியத்தைத் தரையில் உட்கார்ந்து வலது பாதத்தில் தலைப்பை ஊன்றி வாசித்தார்கள். மேனாட்டான் செய்த மரத்தில் ஒரு துண்டையும் மாற்றாமலே அது நம் வாத்தியமாயிற்று.

ஆர்மோனியத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கட்டையை அழுத்தினால் நாக்கு ஒரே சுருதியில்தான் பேசும். அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆர்மோனியத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர்களில் ஒருவர், டில்லி வானொலியில் மேனாட்டு இசைப் பகுதியின் தலைவராயிருந்த ஜான் ஃபவுல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர்! நம்மவர்கள் சுமந்துகொண்டு திரிந்த பெட்டியை, "உங்கள் சங்கீதத்துக்கு இது ஆகாது" என்று அயல்நாட்டார் ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது.

இனி இசைத்தட்டுகளுக்கு வருவோம். 1967-இல் ஹெச். எம். வி. நிறுவனத்தார் வெளியிட்ட 'கால் ஆஃப் தி வேலி' இந்த வகையில் பெரும்புகழ் பெற்ற தட்டு. காச்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை ராகங்களால் சொல்லுவது அதன் திட்டம்; ஆஹிர் பைரவில் விடிந்து பஹாடியில் இரவாகிறது. சிவகுமார் சர்மா சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ரா கிதார், மாணிக்ராவ் போபட்கர் தபலா. மேலோடு கேட்பவர்கள் இதில் அந்நிய வாத்தியம் கிதார் ஒன்றே என்பார்கள். உண்மையில் சந்தூரும் அந்த மேடைக்குப் புதிதுதான். காச்மீரத்தில் வேறொரு மரபு இசைக்குப் பயன்பட்டு வந்த அந்த வாத்தியத்தைச் சிறு கோல்களால் தட்டி வாசிக்க வேண்டும். தட்டிய ஒலி உடனே தேய்ந்துவிடும். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழுத்துச் செல்ல வழியில்லை. "இதில் ராகம் வராது" என்று சொன்னவர்கள் பலர். சர்மா தந்தி அமைப்பை மாற்றி, கோலைத் தந்திமேல் வழுக்கவிட்டுத் தொடர்ந்து ஒலிக்கச் செய்யும் முறையைப் பல்லாண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்தார். காப்ராவோ கிதாரை மடியில் படுக்க வைத்து, விரலால் மெட்டுகளை அழுத்தாமல் உலோகத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி இழைத்தார். அலி அக்பர் கானிடம் பயின்றவரல்லவா? இரண்டு பிடிவாதமான வாத்தியங்களைப் பணிய வைத்த பிறகே அவர்கள் ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தார்கள். அதனால்தான் அத்தட்டு இனிமையானதாக மட்டும் நில்லாமல், ராகமாகவும் நிற்கிறது.

நமக்கு இன்னும் நெருங்கியது 'சக்தி'. 1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துச் சௌதாம்ப்டன் கல்லூரியில் நடந்த ஒரு கச்சேரியை ஒலிப்பதிவு செய்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். மொத்தம் மூன்றே உருப்படிகள். ஒன்று அரை மணி நேரத்தைத் தொடுகிறது. கிதார் வாசித்த ஜான் மக்லாலின் என்ற ஆங்கிலேயர் அதற்கு முன் மின்சாரக் கிதாரில் பேரொலி எழுப்பிப் பெயர் வாங்கியவர். அவரைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்: யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலின், பம்பாய் ஜாகிர் உசேன் தபலா, ஆர். ராகவன் மிருதங்கம், டி. எச். விநாயக்ராம் கடம். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குப் பெயர்ப் பட்டியல் எதைக் கண்டாலும், முன்பதிவு அட்டவணையைப் போல், கடைசி வரி வரை படித்துவிடும் வழக்கம். அப்படிப் படித்தால்தான் ஒன்று தெரிகிறது: ஐந்து பேரில் வெளிநாட்டார் ஒருவரே. டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. பெரும்பான்மை நம் பக்கம் இருந்தது. ஆகவே ஏறி வரவேண்டியவர் அவராயிற்று.

அவர் ஏறியும் வந்தார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். சக்தி காலத்தில் தமக்கென்று ஒரு கிதாரைச் செய்வித்துக்கொண்டார். அதன் முக்கியத் தந்திகளுக்கு அடியில், தாமாகவே அதிரும் ஏழு தந்திகள் குறுக்காக ஓடின. அதைவிட முக்கியமானது, மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியது. சாதாரணக் கிதாரில் விரல் மரத்தில் முட்டிக்கொள்ளும். பள்ளம் இருந்தால் தந்தியைத் தாராளமாக அழுத்தலாம், வீணையில் இழுப்பது போல இழுக்கலாம். கமகம் வேண்டும் என்பதற்காக ஒருவர் தம் வாத்தியத்தின் மரத்தையே வெட்டினார். "இரண்டு நாகரிகங்களின் சந்திப்பு" என்று மேடைகளில் பேசுகிறார்களே, அந்தச் சந்திப்பு எனக்கு அந்தப் பள்ளத்தில்தான் தெரிகிறது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். சக்தியில் கிழக்கும் மேற்கும் கலந்ததைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். வடக்கும் தெற்கும் கலந்ததைப் பற்றி எழுதுவோர் குறைவு. தபலாவும் கடமும் ஒன்றன் கணக்கை மற்றொன்று வாங்கித் திருப்பிக் கொடுப்பது அந்நாளில் அன்றாடக் காட்சியன்று. வடநாட்டில் பிழைக்க வந்த நம்போன்றோருக்கு இதன் அருமை பிறரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விளங்கும். அக்குழு பின்னர்க் கலைந்தும் கூடியும் தொடர்ந்தது. 2023-இல் வெளிவந்த 'திஸ் மோமெண்ட்' என்ற தொகுப்பு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதில் கடத்தார் விநாயக்ராமின் புதல்வர் செல்வகணேஷும், வயலினில் கணேஷ் ராஜகோபாலனும் இருந்தார்கள். பாடியவர் பம்பாய் செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை சங்கர் மகாதேவன். அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' வேறொரு வழியில் சென்றது. இதற்கு என்ன பெயரிடுவது என்று பெயரிலேயே கேள்வியை வைத்துவிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மானியரான பாக் என்பவருக்கும் அத்தொகுப்பைக் காணிக்கையாக்கினார். பாக் மறைந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். சந்திக்க வாய்ப்பில்லாத இருவரைச் சந்திக்க வைப்பது அவர் எண்ணம். திரைப்படம் இல்லை, பாட்டு இல்லை, வசனம் இல்லை. தந்தி வாத்தியக் கூட்டமும் அதற்கு முன்னே தனி வயலினுமே பிரதானம். அந்தத் தனி வயலினை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன்.

இங்கே மேனாட்டு வாத்தியங்கள் மேனாட்டு முறையிலேயே நிற்கின்றன; அவற்றைக் குடையவும் இல்லை, மடியில் படுக்க வைக்கவும் இல்லை. ஆயினும் ராகம் கெடவில்லை. இதன் இரகசியம், எனக்கு விளங்கிய அளவில், வேலைப் பிரிவினைதான். கூட்டம் ஸ்வரங்களை நேராக வாசிக்கிறது. தனி வயலின் அசைத்து வாசிக்கிறது. அன்றியும், ஸ்வரங்களை அடுக்கி ஒரே கட்டாக அழுத்தும் முறையைவிட, பாக் காலத்தார் கையாண்ட பின்னல் முறையை இளையராஜா அதிகம் நாடுகிறார். அம்முறையில் இரண்டு மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, தத்தம் வழியே செல்லும். இரட்டைப் பாதையில் இரண்டு வண்டிகள் ஓடுவது போலத்தான். கட்டாக அழுத்தினால் ராகத்துக்கு மூச்சு முட்டும். வரியாக ஓடவிட்டால் ஒவ்வொரு வரியும் அந்த ராகத்துக்குள்ளேயே நடக்க இடமிருக்கிறது. பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகப் பெயரிட்ட உருப்படியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதியே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் தனியே ஒரு முறை கேட்டுவிட்டுப் பின் இதைக் கேட்கும் குழந்தைக்கு இரண்டு சங்கீதத்திலும் ஒரே நாளில் பாடம் ஆகிவிடும்.

1988-இல் சௌராசியாவின் குழலோடு அவர் வெளியிட்ட 'நத்திங் பட் விண்ட்' கேட்க இன்னும் இதமானது. ஆனால் இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நான் முன்னதையே சொல்வேன். பின்னதில் காற்று அதிகம். முன்னதில் சண்டை அதிகம். சண்டையிலிருந்துதான் ஏதேனும் கற்கிறோம்.

மாண்டலின் உ. ஸ்ரீநிவாசைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கட்டிய வாத்தியத்தில் ஒற்றைத் தந்திகள் ஐந்தைக் கட்டி, மின்சாரத்தின் துணையால் ஒலியை நீளச் செய்து, அதில் கமகத்தைப் பிழிந்தெடுத்தவர். 1995-இல் மைக்கேல் புரூக் என்பவருடன் சேர்ந்து 'டிரீம்' என்ற தொகுப்பை வெளியிட்டார். புரூக் கூட்டிய ஒலிகளெல்லாம் பனி மூட்டம் போல் பின்னால் நிற்க, மாண்டலின் மட்டும் பாலக்கொல்லுப் பிள்ளையாகவே பேசுகிறது. 2014-இல், நாற்பத்தைந்தே வயதில், அவர் மறைந்தது நம் பொல்லாத காலம்.

மேலே சொன்னவை தேறியவை. தேறாதவற்றின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவற்றின் இலக்கணத்தை மட்டும் சொல்லுகிறேன். முதலில் இயந்திரத் தாளம் ஒன்றைப் பரப்பிவிடுவார்கள். அது நான்கு நான்காகவே எண்ணும். ஏழு எண்ணிக்கையுள்ள மிச்ர சாபுவில் அமைந்த கிருதி கிடைத்தால், ஓர் எண்ணைக் கூட்டி எட்டாக்கி அதற்குள் திணிப்பார்கள். நொண்டி நடப்பது போன்ற அந்த அழகிய நடை போயே போயிற்று. பிறகு பாடகரை அழைத்து, பல்லவியை மட்டும் நாலு முறை பாடச் சொல்வார்கள். சங்கதிகள் வளர்வதற்குள் கிதார் குறுக்கே புகும். அனுபல்லவியும் சரணமும் எங்கே என்று கேட்கக் கூடாது. இவ்வளவும் ஆனபின் உறையின் மேல் "தியானத்துக்கு உகந்தது" என்று அச்சிடுவார்கள். இத்தகையவற்றை நான் குழந்தைகளுக்குத் தடைசெய்யச் சொல்லவில்லை. தடைசெய்தால் கட்டாயம் கேட்பார்கள். கேட்டபின், அதே கிருதியை அரியக்குடியோ செம்மங்குடியோ எம். எஸ். அம்மாளோ பாடியிருந்தால் அதையும் ஒரு முறை போட்டுக் காட்டலாம். இரண்டும் ஒரே பாட்டு என்று குழந்தை கண்டுகொண்டால் முன்னது பிழைத்தது. கண்டுகொள்ளவில்லை என்றால் குற்றம் குழந்தையின் காதில் இல்லை.

கீபோர்டைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஊரை விட்டு வந்த இடத்தில் வீணை வாத்தியார் கிடைப்பது அரிது. வீணையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவது அதைவிடக் கடினம். எனவே நம் வீடுகளில் பிள்ளைகளின் கையில் கீபோர்டே அகப்படுகிறது. அது ஆர்மோனியத்தின் பேரன்தான், கட்டைகள் வளையமாட்டா. ஆனால் சில கீபோர்டுகளில் இடக்கைப் பக்கம் ஒரு சிறு சக்கரம் உண்டு. அதைத் தள்ளினால் சுருதி மேலும் கீழும் நகரும். அதைக் கொண்டு கமகம் வாசித்துக் கச்சேரியே செய்து வருகிறார் கீபோர்டு சத்தியநாராயணன். வாங்கும்போது அந்தச் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். நூறு வகைத் தாளம் அடிக்கும் என்பதைத்தான் சொல்வார்.

கடைசியாக, பிழைக்கப்போன குடும்பத்துப் பிள்ளை ஒருவரைப் பற்றிய செய்தி. அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா ஜாஸ் இசையில் சாக்ஸபோன் பயின்றவர். பெற்றோர் நம் நாட்டவர். அவருக்கோ நம் சங்கீதம் தூரத்துச் சொந்தம். படிக்கிற காலத்தில் அவருடைய அண்ணன் வேடிக்கைக்காக ஓர் இசைத்தொகுப்பை வாங்கிக் கொடுத்தார். அது கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்தது. கோபால்நாத் நாதஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனைப் பாண்டில் சாக்ஸபோனைக் கண்டு மோகித்து, அதன் சாவிகளையும் மூடிகளையும் மாற்றியமைத்துக் கமகம் பேச வைத்தவர். வேடிக்கைக்கு வந்த பரிசு விளையாட்டாக நிற்கவில்லை. மகந்தப்பா பின்னர் கோபால்நாத்தைத் தேடி வந்தார். இருவரும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' 2008-இல் வெளியாயிற்று. உறவினர் என்று அதற்குப் பொருள். அந்த உறையிலும் பெயர்களை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். இரண்டு சாக்ஸபோன்கள், ஒரு கிதார், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம் ஆகியவற்றோடு வயலின் வாசித்திருப்பவர் அ. கன்னியாகுமரி. ஒரே பதிவில் ஜாஸ் சாக்ஸபோனையும் நம் சாக்ஸபோனையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். எது யாருடையது என்று சிறிது நேரத்தில் காதே சொல்லிவிடுகிறது.